முளைப்பாரி ஏன் சாய்கிறது?

நம் பக்கத்து ஊர்களில் அம்மன் கோயில் திருவிழாவிற்கு முளைப்பாரி போடுவதைக் காணாதவர் இருக்க மாட்டார்கள். ஓடுகளிலும் சட்டிகளிலும் எருவும் வைக்கோலும் பரப்பி, ஊறவைத்த நவதானியங்களைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து வளர்ப்பார்கள். முளைகள் வெளிறிய மஞ்சள் நிறத்துடன் நெடுநெடுவென்று நேராக எழும். கதவு சரியாகச் சாத்தப்படாமல் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்துவிட்டால், அத்தனை முளைகளும் அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும். 'வெளிச்சம் பட்டுவிட்டது' என்று பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள்.

வெளிச்சம் பட்டால் முளை ஏன் சாய வேண்டும்? கண்ணும் நரம்பும் தசையும் இல்லாத செடி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை எதனால் உணர்கிறது? உணர்ந்தபின் எதைக் கொண்டு வளைகிறது? மிக எளிதாகத் தோன்றும் இவ்வினாக்களுக்கு விடை காண அறிஞர்கள் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்துள்ளனர். அந்த விடையின் பெயர் ஆக்சின். வளர்ச்சிக்குரிய இந்தப் பொருளே செடியைக் கொல்லும் நஞ்சாகவும் ஆக முடியும் என்பதை எம் துறைக்கு வந்த ஒரு பருத்திச் செடி காட்டியது. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

பரிணாமக் கொள்கையால் உலகப் புகழ் பெற்ற சார்லஸ் டார்வின் தம் முதுமைக் காலத்தில் செடிகளின் அசைவுகளை ஆராய்ந்தார் என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாது. தம் மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து 1880-ஆம் ஆண்டில் அவர் இதைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டபோது அவருக்கு வயது 71. பறவைகளுக்குத் தீனியாக இடப்படும் கேனரிப் புல்லின் முளைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். புல்லினத்து விதை முளைக்கும்போது இளங்குருத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கும். அதற்கு முளைக்குருத்து உறை என்று பெயர். நெல்லிலும் சோளத்திலும் நாம் காணும் கூரிய முதல் முளை அதுவே.

இவ்வுறையின் நுனியை ஒளிபுகாத சிறு குல்லாயால் மூடினார்கள், முளை சாயவில்லை. நுனியைத் திறந்துவிட்டு, உண்மையில் வளைகின்ற கீழ்ப்பகுதியை மூடினார்கள், முளை சாய்ந்தது. ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழுள்ள பகுதி என்பது இதனால் தெளிவாயிற்று. ஏதோ ஒரு 'செல்வாக்கு' நுனியிலிருந்து கீழே கடத்தப்படுகிறது என்று டார்வின் எழுதினார். அது என்ன என்று அவரால் சொல்ல இயலவில்லை. ஒரு குல்லாயை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போனதே பெரிது என்பது என் கருத்து.

அடுத்து வந்தவர் டென்மார்க் நாட்டுப் பாய்சன் ஜென்சன். 1910-க்கும் 1913-க்கும் இடையில் அவர் ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி, இடையில் ஜெலட்டின் கூழை வைத்து மீண்டும் ஒட்டினார். செய்தி கூழைக் கடந்து சென்றது, முளை சாய்ந்தது. நிழல் பக்கத்தில் மைக்கா என்னும் காக்காப்பொன் தகட்டைச் செருகினால் சாய்வதில்லை. ஆகவே கீழிறங்குவது நீரில் கரையும் ஒரு பொருள். அது நிழல் பக்கமாகவே இறங்குகிறது. ஹங்கேரி நாட்டுப் பால் என்பவர் 1919-இல், வெட்டிய நுனியை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தாலே போதும், வெளிச்சமே இல்லாமலும் முளை எதிர்ப்பக்கம் வளையும் என்று காட்டினார்.

இனி அப்பொருளைத் தனியே பிடித்துக் காட்டவேண்டியதுதான் பாக்கி. அதைச் செய்தவர் ஹாலந்து நாட்டின் யூட்ரெக்ட் நகரத்து இளைஞர் பிரிட்ஸ் வெண்ட். அவருடைய தந்தை அங்கே தாவரவியல் பேராசிரியர். மகன் பகலில் கட்டாய இராணுவப் பணி செய்துகொண்டு, இரவில் தந்தையின் ஆய்வுக்கூடத்திற்கு வந்து சோதனை நடத்தினார். ஓட்ஸ் முளைகளின் நுனிகளை வெட்டி அகார் என்னும் கடற்பாசிக் கூழின் மேல் சில மணி நேரம் அடுக்கிவைத்தார். பின் நுனிகளை எறிந்துவிட்டு, அந்தக் கூழைச் சிறு கட்டிகளாக நறுக்கி, ஒரு கட்டியை நுனியில்லா முளையின் ஒரு விளிம்பில் வைத்தார். சிவப்பு விளக்கின் மங்கிய ஒளியில், கட்டி வைத்த பக்கம் விரைவாக வளர்ந்து முளை மறுபக்கம் வளைந்தது. வெறுங்கூழ் வைத்த முளை வளையவில்லை. 1926-இல் பெற்ற இம்முடிவை அவர் 1928-இல் விரிவாக வெளியிட்டார்.

வெண்ட் அத்துடன் நிற்கவில்லை. எத்தனை நுனிகள் கூழின் மேல் வைக்கப்பட்டனவோ அதற்கேற்ப வளைவின் கோணமும் மிகுவதை ஓர் எல்லைவரை கண்டார். அதாவது, இன்னதென்றே தெரியாத ஒரு பொருளை வளைவின் பாகைகளைக் கொண்டு அளக்க வழி கிடைத்தது. 'ஓட்ஸ் வளைவுச் சோதனை' என்று நம் பாடநூல்களில் ஒரு பத்தியில் முடிந்துவிடும் இச்செயலின் அருமையை மாணவர்கள் உணர்வதில்லை. அளக்க முடிந்ததனால்தான் அப்பொருளைத் தேடவும் முடிந்தது.

தேடல் எங்கே போய் முடிந்தது தெரியுமா? மனிதச் சிறுநீரில்! முளை நுனிகளில் அப்பொருள் இருக்கும் அளவு மிகமிகச் சிறிது. ஆகவே அதே யூட்ரெக்டில் கோகல், ஹாகன் ஸ்மித் முதலிய வேதியியலார் வேறு பல பொருள்களை வளைவுச் சோதனைக்கு உட்படுத்திப் பார்த்து, சிறுநீரில் அது செறிந்திருப்பதைக் கண்டனர். 'வளர்தல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஆக்சின்' என்ற பெயரும் அப்போதுதான், 1931-இல், பிறந்தது. முதலில் 'ஆக்சின் ஏ', 'ஆக்சின் பி' என்று இரண்டு பொருள்களை அறிவித்தார்கள். 1934-இல் மூன்றாவதாக ஒன்றைக் கண்டு, 'வேறு ஆக்சின்' என்னும் பொருளில் அதற்கு ஹெட்டிரோ ஆக்சின் என்று பெயரிட்டார்கள். முதலிரண்டையும் பின்னர் எவராலும் எங்கும் காண இயலவில்லை. எஞ்சியிருந்த பழைய மாதிரிகளை 1966-இல் சோதித்தபோது அவை சொல்லப்பட்ட பொருள்களே அல்ல என்று தெரிந்தது. ஒதுக்கி வைக்கப்பட்ட 'வேறு ஆக்சின்'தான் மெய்யான ஆக்சின்! அது வேதியியலார் முன்பே அறிந்திருந்த இண்டோல் அசிடிக் அமிலம் என்னும் எளிய பொருள். 1946-இல் அதனை முற்றாத மக்காச்சோள மணிகளிலிருந்தும் பிரித்தெடுத்தார்கள். அமினோ அமிலங்களுள் ஒன்றாகிய டிரிப்டோபேனிலிருந்து செடி இதனை ஆக்கிக்கொள்கிறது. நம் உடலில் நுண்ணுயிர்கள் அதே டிரிப்டோபேனைச் சிதைக்கும்போது இது உண்டாகிச் சிறுநீரில் கழிகிறது. நமக்கு இதனால் வளர்ச்சி ஏதுமில்லை.

இங்கே இடையில் ஒன்று. மேற்சொன்ன ஹாகன் ஸ்மித் பின்னர் அமெரிக்காவிற்குச் சென்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகைப்பனி மோட்டார் வாகனப் புகையிலிருந்து சூரிய ஒளியால் உண்டாகிறது என்பதைக் கண்டறிந்து அதனாலேயே பெரும்புகழ் பெற்றார். ஆக்சினை மறந்தவர்களும் அவரை மறக்கவில்லை.

இனி முளைப்பாரிக்கு வருவோம். ஒரு பக்கம் ஒளி பட்டால், அப்பக்கத்து ஆக்சின் அழிந்துவிடுகிறதா, அல்லது நிழல் பக்கத்திற்கு நகர்ந்துவிடுகிறதா? நகர்கிறது என்று கீவ் நகரத்துச் சோலோட்னியும் வெண்டும் தனித்தனியே கருதினர். இதற்கு நல்ல சான்று 1957-இல் பிரிக்ஸ் என்ற அமெரிக்க அறிஞரின் சோதனையால் கிடைத்தது. இருட்டில் வைத்த மக்காச்சோள நுனிகளிலிருந்தும், ஒரு பக்கம் ஒளிபட்ட நுனிகளிலிருந்தும் கூழில் இறங்கிய ஆக்சினின் மொத்த அளவு ஒன்றாகவே இருந்தது. எனவே அழிவு இல்லை. நுனியை மெல்லிய கண்ணாடித் தகட்டால் முழுவதும் இரண்டாகப் பிரித்தால் இரு பக்கமும் சமமாக இறங்கிற்று. மேல்பகுதியை மட்டும் பிரிக்காமல் விட்டால் நிழல் பக்கம் மிகுதியாக இறங்கிற்று. இதைவிட நேர்த்தியான சோதனை தாவரவியலில் சிலவே உண்டு. ஒளியை உணரும் பொருள் எது என்பதும் 1990-களின் பிற்பகுதியில் அதே பிரிக்ஸின் ஆய்வுக் குழுவினரால் விளங்கிற்று. நீல ஒளியை ஏற்கும் அந்தப் புரதத்திற்குப் போட்டோட்ரோபின் என்று பெயர். வெண்ட் சிவப்பு விளக்கில் வேலை செய்ததன் காரணம் இப்போது புரியும். அவருடைய முளைகளுக்கு அது இருட்டேதான்.

ஆக்சின் மிகுந்த பக்கம் ஏன் நீள்கிறது? செல்லைச் சுற்றியுள்ள சுவர் விறைப்பானது. உள்ளே நீர் நெருக்கிக்கொண்டே இருந்தாலும் சுவர் விட்டுக் கொடுப்பதில்லை. ஆக்சின் வந்ததும் செல் சவ்விலுள்ள புரோட்டான் இறைப்பிகள் அமிலத்தன்மையைச் சுவரினுள் தள்ளுகின்றன. சுவர் புளிப்பேறியதும், 'எக்ஸ்பான்சின்' என்ற புரதங்கள் சுவரின் இழைகளுக்கிடையே உள்ள பிடிப்பைத் தளர்த்துகின்றன. உள்ளிருக்கும் நீரழுத்தத்தால் சுவர் நீள்கிறது. ஆக்சின் பட்டுக் கால் மணி நேரத்திற்குள் இது தொடங்கிவிடும். அமில வளர்ச்சி என்னும் இக்கொள்கை 1970-களின் தொடக்கத்தில் உருவாயிற்று. எக்ஸ்பான்சின் 1992-இல் கண்டறியப்பட்டது.

வேரின் கதை வேறு. தண்டை நீளச் செய்யும் ஆக்சின் செறிவு வேரின் நீட்சியைத் தடுத்துவிடும்; வேருக்குத் தண்டின் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவே ஏற்றது. செடியைக் கிடையாகச் சாய்த்து வைத்தால் வேர்மூடியின் செல்களில் உள்ள மாவுமணிகள் கீழ்ப்பக்கம் படிகின்றன. ஆக்சினும் கீழ்ப்பக்கமே சேர்கிறது. தண்டில் கீழ்ப்பக்கம் மிகுதியாக வளர்ந்து அது மேல்நோக்கி நிமிரும். வேரில் கீழ்ப்பக்கம் தடைப்பட்டு அது கீழ்நோக்கி வளையும். ஒரே பொருள், ஒரே பக்கம், எதிரெதிரான விளைவு. அளவு மாறினால் செயலும் மாறும் என்பதை மாணவர்கள் இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஆக்சின் செடியில் தண்ணீரைப் போல எத்திசையிலும் ஓடுவதில்லை. தண்டில் அது நுனியிலிருந்து அடி நோக்கியே, மணிக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வேகத்தில் செல்செல்லாகக் கைமாறிச் செல்லும். தண்டைத் தலைகீழாக நிறுத்தினாலும் பழைய அடியை நோக்கியே போகும். இதற்கு விளக்கம் தந்தவர்கள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரூபரியும் ஷெல்ட்ரேக்கும் (1974). நம் வயல் வாய்க்காலில் மீனுக்கு வைக்கும் பறியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போவது எளிது, வெளியே வருவது அரிது. செல்சுவர் புளிப்பானது. அங்கே ஆக்சினின் ஒரு பகுதி மின்னூட்டமின்றி இருப்பதால் சவ்வைத் தானே கடந்து உள்ளே நுழைகிறது. செல்லின் உள்ளே புளிப்பு இல்லை. அங்கே அது மின்னூட்டம் பெற்றுவிடும். அதன்பின் சவ்வைத் தானே கடக்க இயலாது. வெளியேறும் வாயில் செல்லின் அடிப்பக்கத்தில் மட்டும் இருந்தால், ஆக்சின் கீழ்நோக்கித்தானே செல்லும்? அவ்வாயில்கள் 'பின்' எனப்படும் புரதங்கள் என்பது பின்னாளில் உறுதியாயிற்று. அவை குறைந்த செடியில் பூக்காம்பு மொட்டுகளின்றிக் குண்டூசி போல நிற்பதால் அந்தப் பெயர்.

இந்த ஷெல்ட்ரேக் பின்னர் ஐதராபாத்திலுள்ள பன்னாட்டுப் புன்செய்ப் பயிர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். அதன் பிறகு நம் குளித்தலைக்கு அருகில் காவிரிக் கரையிலுள்ள தண்ணீர்ப்பள்ளி சாந்திவனத்தில் தங்கி ஒரு நூல் எழுதினார். அந்நூலின் கொள்கைகளை அறிவியலுலகம் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் ஆக்சின் பற்றிய அவருடைய விளக்கம் இன்றும் நிற்கிறது.

அடி நோக்கிச் செல்லும் இந்த இயல்பை நம் விவசாயிகள் பெயர் தெரியாமலே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். முருங்கைப் போத்தும் பூவரசங் கொம்பும் நடும்போது தலைமாற்றி நடக்கூடாது என்பார்கள். ஆக்சின் சென்று தேங்கும் அடிப்பக்கத்தில்தான் வேர் விடும். 1878-இலேயே ஜெர்மானியரான வோக்டிங், வில்லோக் கொம்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் அதன் பழைய அடியிலேயே வேர் வருவதைக் காட்டினார். எளிதில் வேர்விடாத கொம்புகளை இண்டோல் பியூட்டிரிக் அமிலம் கலந்த தூளில் தோய்த்து நடுவது இன்று நாற்றுப்பண்ணைகளில் வழக்கமாகிவிட்டது. இவ்வகைச் செயற்கை ஆக்சின்களின் வேரூட்டும் திறன் 1935-இல் தெரியவந்தது. தேனிப் பக்கத்துத் திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளும், ஆக்சினையும் சைட்டோகைனினையும் கூட்டிக் குறைத்து வேரும் குருத்தும் வரவழைக்கும் முறையால் ஆனவையே.

நுனி கிள்ளுவதும் இதைச் சேர்ந்ததே. செடிமுருங்கை 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகிக் காய் மிகும். நீலகிரியில் தேயிலையைக் கவாத்துச் செய்து கொழுந்து பறித்துக்கொண்டே இருப்பதனால்தான் அது இடுப்பளவுப் புதராக நிற்கிறது, விட்டுவிட்டால் மரமாகிவிடும். நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் கோணமொட்டுகளை அடக்கி வைக்கிறது என்று திமானும் ஸ்கூக்கும் 1930-களில் காட்டினார்கள். நுனியை வெட்டிவிட்டு அங்கே ஆக்சின் கலந்த கூழை வைத்தால் பக்கமொட்டுகள் உறங்கியே கிடந்தன. இதனை இப்போது சற்றே திருத்திப் படிக்க வேண்டும். நுனியின் ஆக்சின் பக்கமொட்டினுள் நேரே புகுவதில்லை. ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேறொரு ஹார்மோன் வழியாகவும் அடக்குமுறை நடக்கிறது. மேலும் நுனி போனதும் அது உண்டுவந்த சர்க்கரை பக்கமொட்டுகளுக்குக் கிடைப்பதே அவை விழிக்க முதற்காரணம் என்று பட்டாணிச் செடியில் 2014-இல் காட்டியுள்ளனர்.

மிளகாயில் பூ உதிராமலிருக்க நாப்தலீன் அசிடிக் அமிலத்தை லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் நட்ட 60-ஆம் நாளும் 90-ஆம் நாளும் தெளிக்கச் சொல்வார்கள். ஆனால் இதே மருந்தை ஆப்பிள் மரத்தில், பிஞ்சுகள் மிகையாக உள்ளபோது, உதிர்ப்பதற்காகத் தெளிக்கிறார்கள்! காலமும் அளவும் அறியாமல் 'டானிக்' என்று எண்ணித் தெளிப்பவர்கள் இதை நினைவிற்கொள்வது நல்லது.

இனி அந்தப் பருத்தி. சில ஆண்டுகளுக்கு முன் எம் துறை மாணவர் ஒருவர் ஈரத்துணியில் சுற்றிய பருத்திச் செடி ஒன்றை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தார். "சார், எங்க தோட்டம் பூரா இப்படி ஆயிடுச்சு. வைரஸ்னு சொல்றாங்க. அப்பா மூணு தடவை மருந்தடிச்சும் கேக்கல" என்றார். கடன் வாங்கி வைத்த பயிர் என்றும் சொன்னார். செடியின் அடி இலைகள் குற்றமற்றிருந்தன. மேல் இலைகள் மட்டும் அகலமிழந்து, வெண்டை இலை போல விரல்விரலாகப் பிரிந்து, நரம்புகள் நெருங்கிக் கிடந்தன. இளந்தண்டு முறுக்கிக்கொண்டிருந்தது. வெள்ளை ஈ இல்லை. "தெளிப்பான் யாருடையது?" என்று கேட்டேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரவல். "அவர்கள் அதற்கு முன் எதற்குப் பயன்படுத்தினார்கள்?" மக்காச்சோளத்தில் களைக்கொல்லி அடிக்க.

அந்தக் களைக்கொல்லி 2,4-டி. இதுவும் ஒரு செயற்கை ஆக்சினே. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தனித்தனியே, மறைவாக உருவாக்கப்பட்டுப் போர் முடிந்ததும் விற்பனைக்கு வந்தது. செடி தன் ஆக்சினை வேண்டியபோது ஆக்கி, வேண்டாதபோது சிதைத்து அடக்கமாக வைத்துக்கொள்ளும். 2,4-டியைச் சிதைக்க அகன்ற இலைச் செடிகளுக்கு எளிதில் இயலாது. செல்லினுள் 'டிர்-1' என்ற புரதமே ஆக்சினை ஏற்பது என்று 2005-இல் இரண்டு குழுவினர் கண்டனர். வளர்ச்சிக்குரிய ஜீன்களைப் பூட்டி வைத்திருக்கும் காவற்புரதத்தை இந்த டிர்-1 உடன் பசைபோல ஒட்டவைப்பது ஆக்சினின் வேலை. ஒட்டியதும் காவற்புரதம் அழிக்கப்பட்டு ஜீன்கள் திறந்துகொள்ளும். 2,4-டியும் அதே இடத்தில் பொருந்தி, பூட்டைத் திறந்தபடியே விட்டுவிடுகிறது. தண்டு முறுக்குகிறது, எத்திலீனும் அப்சிசிக் அமிலமும் பெருகுகின்றன, இலைத்துளைகள் மூடிச் செடி மடிகிறது. நெல், சோளம், கரும்பு முதலிய புல்லினங்கள் இதனை விரைவில் தீங்கற்றதாக மாற்றிக்கொள்வதால் தப்புகின்றன. பருத்தியோ இதற்கு மிகமிக மென்மையானது. தெளிப்பானின் குழாயில் ஒட்டியிருந்த மிச்சமே போதும்.

2,4-டியுடன் 2,4,5-டி என்ற இன்னொன்றைச் சமமாகக் கலந்ததே வியட்நாமில் அமெரிக்கப் படை வானிலிருந்து தெளித்த 'ஏஜன்ட் ஆரஞ்சு'. 1961 முதல் 1971 வரை அங்கே தெளிக்கப்பட்ட களைக்கொல்லிகள் மொத்தம் 7 கோடி லிட்டருக்கும் மேல். 2,4,5-டி தயாரிப்பில் கலந்துவிட்ட டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு மண்ணிலும் மக்கள் உடலிலும் தங்கிற்று. இதனை நிறுத்தப் போராடியவர்களுள் முன்னின்றவர் ஆர்தர் கால்ஸ்டன் என்னும் தாவரவியலார். சோயா மொச்சை விரைந்து பூக்க வேண்டுமென்று ஆக்சினோடு தொடர்புடைய ஒரு பொருளை 1943-இல் ஆராய்ந்தவர் அவர். அளவு மிகுந்தால் அது இலைகளை உதிர்ப்பதையும் அந்த ஆய்வில் அவரே குறித்திருந்தார்.

மாணவருடைய தந்தையை மறுநாளே வரச்சொல்லி, பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்தும்படி சொன்னேன். அது வெறுஞ்செலவு. நோய் அன்று, ஆகவே பரவாது. நீரும் சிறிது உரமும் கொடுத்துப் பொறுத்திருந்தால் புதிய தளிர்கள் நல்ல இலைகளாக வரும் என்றேன். ஏறத்தாழ ஒரு மாதத்தில் அவ்வாறே வந்தன. ஆனால் முதற்சுற்றுக் காய்கள் போய்விட்டன, அதற்கு வழியில்லை. களைக்கொல்லி அடித்த தெளிப்பானை வெறும் தண்ணீரால் அலசுவது போதாது; சலவைச் சோடாக் கரைசலை ஊற்றி இரவு முழுதும் ஊறவைத்து, குழாய் வழியாகவும் நாசில் வழியாகவும் பலமுறை கழுவ வேண்டும். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பானே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அவர் இப்போது இரண்டு தெளிப்பான்கள் வைத்திருக்கிறார். ஒன்றில் சிவப்புப் பெயின்டால் 'களை' என்று மகன் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை அவர் யாருக்கும் இரவல் தருவதில்லை.